மைக் அக்காவின் பத்து நிமிடம்

இடுக்கி மலையில் யானைக்குப் பயப்படாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்சரிவுக்குப் பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். மைக் அக்காவுக்குப் பயப்படாத ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அதிலும் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பவர்கள், அவருடைய ஜீப் சத்தம் கேட்டாலே ஏலக்காட்டுக்குள் போய் மறைந்துகொள்வார்கள். புண்ணியமில்லை. அவரும் பின்னாலேயே வந்துவிடுவார்.

பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்படுத்தும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் ஆறு வருடம் வேலை பார்த்தேன். கேரளச் சித்தூர்க்காரியான நான் பாலக்காட்டு அலுவலகத்தில். அக்கா உடும்பஞ்சோலை மையத்தில். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. யாரும் அதை உபயோகித்ததில்லை. எங்களிடம் சேர்வதற்கு முன் கோயில் திருவிழா, சொட்டு மருந்து, காணாமல் போன மாடு என்று எல்லாவற்றையும் ஜீப்பில் உட்கார்ந்து கைமைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர். வேலையில் சேர்ந்தபோது மைக்கையும் கொண்டுவந்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன்னால் ஜீப் நிற்கும். “பத்து முடிச்ச பிள்ளைக இருக்கிற வீடெல்லாம் எந்திரிங்க! பன்னெண்டு முடிச்ச வீடு, நீங்க தூங்கவே கூடாது!” என்று குரல் வரும். ஒருமுறை கம்பம்மெட்டில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மணப்பெண் வணங்க வந்தபோது அக்கா அட்சதையைத் தூவிக்கொண்டே, “பிளஸ் டூ சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டியா, ஸ்கூல்லயே கெடக்கா?” என்று கேட்டார். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருடைய சர்ட்டிபிகேட்டும் ஸ்கூலில்தான் கிடந்தது.

இப்படிப்பட்டவரை ஒரு மாநாட்டில் பேச வைக்கலாம் என்று எங்கள் டைரக்டருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

போடிமெட்டுப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் மாநாடு. எங்களைப் போன்ற நிறுவனங்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தன. எங்களுக்கு நிதி தருபவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். உடும்பஞ்சோலை மையத்தைத் தொடர்வதா மூடுவதா என்று அவர்கள் அப்போது யோசித்துக்கொண்டிருந்த நேரம். அதனால் நான் மூன்று வாரம் உட்கார்ந்து முப்பத்திரண்டு ஸ்லைடு தயாரித்திருந்தேன். டைரக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, “பத்து நிமிஷம். ஸ்லைடுல உள்ளத மட்டும் சொன்னா போதும்” என்றார். மைக்கையும் ரிசப்ஷனில் வாங்கி வைத்துவிட்டார்.

முதல் நாள் பெரிய அசம்பாவிதம் இல்லை. காபி இடைவேளையில் அக்கா தில்லியிலிருந்து வந்த பேராசிரியரிடம் போய், “நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் நல்ல மனிதர். பொறுமையாக எல்லாப் பட்டங்களையும் சொன்னார். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, “பரவாயில்ல” என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம் மூன்றரைக்கு எங்கள் முறை. பெயரைக் கூப்பிட்டார்கள். அக்காவைக் காணோம். டைரக்டர் மேடையேறி மலையின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஓடினேன். சாப்பாட்டுக்கூடம், தோட்டம், கார் நிறுத்துமிடம், எங்கும் இல்லை. கடைசியில் பின்கட்டில் துணி அடுக்கும் அறையில் அந்தக் குரல் கேட்டது.

உள்ளே பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சலவைக்குப் போய்வந்த பெட்ஷீட்களை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பவித்ரா. அக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

“ஏ சித்தூரு, இந்தப் பிள்ளையப் பாரு. எல்லாத்துலயும் ஏ பிளஸ். இங்க வந்து பெட்ஷீட்ட நாலா மடிச்சிட்டு இருக்கா.”

“அக்கா, நம்ம பேரக் கூப்புட்டு அஞ்சு நிமிசமாச்சுங்க. எந்திரிங்க.”

“இன்னைக்கு அஞ்சு மணியோட டிகிரி அபேட்ச முடியுது. ஒனக்குத் தெரியுமா?”

கல்லூரி விண்ணப்பத்தை மலையில் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியும்தான். பவித்ரா பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பாதி வரைக்கும் போட்டேன் அக்கா. ஓடிபி அப்பா போனுக்குத்தான் போகும். காட்டுல சிக்னல் இருக்காது. ரெண்டு தடவ பாத்துட்டு விட்டுட்டேன்.”

“அப்பா வேணாம்னாரா?”

“வேணாம்னும் சொல்லல. போய்ப் படின்னும் யாரும் சொல்லல.”

அக்கா மூட்டையிலிருந்து எழுந்தார். பிறகு என்னிடம், “ஒன் கம்ப்யூட்டர் எங்க இருக்கு?” என்றார்.

“மேடையிலதானுங்க. புரொஜெக்டர்ல மாட்டியிருக்குது.”

“நெட்டு?”

“அது ஹால்ல மட்டுந்தான் வருதுங்க.”

“அப்ப எல்லாம் ஒரே எடத்துல இருக்கு. வா” என்று பவித்ராவின் கையைப் பிடித்தார். அவள் கையிலிருந்த பெட்ஷீட்டும் கூடவே வந்தது.

மேடையில் அக்கா கும்பிட்டார். “எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பத்து நிமிஷம் குடுத்திருக்கீங்க. அதுல இந்தப் பிள்ளைக்கு ஒரு அபேட்ச போட வேண்டியிருக்கு. போட்டுட்டுப் பேசுறேன்.”

என்னுடைய முப்பத்திரண்டு ஸ்லைடும் மறைந்து, திரை முழுக்கப் பவித்ராவின் பாதி விண்ணப்பம் வந்து நின்றது. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பார்க்க விரும்பவில்லை போலும்.

விண்ணப்பம் புகைப்படம் கேட்டது, பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமாம். அக்கா சுற்றிலும் பார்த்து பெட்ஷீட்டை விரித்தார். ஒரு முனையைத் தில்லிப் பேராசிரியர் எழுந்து வந்து பிடித்தார். இன்னொரு முனையை, நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், நிதி கொடுக்கும் நிறுவனத்தின் அம்மையார் பிடித்தார். படம் அளவில் பெரிதாக இருக்கிறது என்று விண்ணப்பம் தள்ளிவிட்டது. மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர் வந்து அதைச் சுருக்கிக் கொடுத்தார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. நேரம் பார்க்க வேண்டியவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் ஓடிபி. ரிசார்ட் போனை ஹாலுக்குக் கொண்டுவந்து, பவித்ராவின் அப்பா வேலை செய்யும் எஸ்டேட் பக்கத்து டீக்கடைக்கு அக்கா பேசினார். டீக்கடைக்காரர் ஓடிப்போய் அவரைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறச் சொன்னார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். முதல் எண் அவர் ஏறுவதற்குள் காலாவதியானது. இரண்டாவது எண் அனுப்பினோம். தொட்டிமேலிருந்து அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

“அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்றாள் பவித்ரா.

“அதெல்லாம் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்குல சொல்லியிருக்காங்க.”

“அப்பா, நான்தான் பவித்ரா!”

“இப்பல்லாம் மக குரல்லயே பேசி ஏமாத்துறாங்களாம். போன வை.”

நேரம் நாலே முக்கால். ஹாலில் தமிழ் தெரியாதவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. அக்கா போனைப் பிடுங்கினார்.

“ஏ மனுசா! பன்னெண்டு முடிச்ச வீடு தூங்கக்கூடாதுன்னு எத்தன தடவ ஒன் வாசல்ல வந்து கத்தியிருக்கேன்!”

மறுபக்கம் அவர், “அய்யோ, மைக் அக்காவா? இந்தக் குரல எவனாலயும் செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டு ஆறு எண்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

கடைசிப் பொத்தானுக்குப் பவித்ரா, “நானே அமுக்கட்டுமா அக்கா?” என்றாள். அமுக்கினாள். திரையில் பச்சை எழுத்தில் விண்ணப்ப எண் வந்ததும் ஹாலே எழுந்து கைதட்டியது. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பேராசிரியரிடமிருந்து பெட்ஷீட்டை வாங்கி, நாலாக மடித்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப நீங்க பேசலாம்” என்று யாரோ அக்காவிடம் சொன்னார்கள்.

“பேச என்ன இருக்கு? டீ ஆறுது” என்று அவர் இறங்கிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து நிதி தருபவர்களிடமிருந்து கடிதம் வந்தது. மையம் இன்னும் ஒரு வருடம் தொடரும். ஆனால் அடுத்த மாநாட்டுக்குத் தயவுசெய்து வேறு பேச்சாளரை அனுப்பவும். பவித்ராவுக்குக் கல்லூரிச் சேர்க்கையின் மூன்றாவது அலாட்மென்ட்டில் கணிதமும் ஹாஸ்டலும் கிடைத்தன. நான் போன் செய்து சொன்னபோது அக்கா பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “சரி. அந்த ரிசார்ட் அடுப்படியில இன்னும் ரெண்டு பேரு இருக்காளுக” என்றார்.

நான் இப்போது பொள்ளாச்சியில் வேறு வேலையில் இருக்கிறேன். எம்.ஏ.வை இரண்டாம் வருடத்தில் பாதியில் விட்டவள் நான். அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போன் வருகிறது. “ஏ சித்தூரு, பரீட்சைக்குப் பேரு குடுத்தியா இல்லையா?” அடுத்த வாரமுங்க அக்கா என்கிறேன். அரைமணி நேரம் திட்டிவிட்டு வைக்கிறார்.

உண்மையில் போன மாதமே பெயர் கொடுத்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வராது.