கத்துவதற்கென்று ஒரு போன்

பெரம்பலூரில் இருந்துகொண்டு டெலிபோன் இல்லாமலேயே திருச்சிக்குப் பேசக்கூடிய ஒரே மனிதர் ஹலோ மாமாதான். அப்படிப்பட்டவர் போய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தது எங்கள் தெருவின் தலையெழுத்து. தொண்ணூறுகளின் கடைசி அது. லைன் கிடைக்காமல் அவர் போடும் கூச்சலில் நாலு வீடு தள்ளித் தூளியில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

இவரிடம்தான் ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் கோபத்தை அடக்கக் கற்றுக்கொண்டோம்.

ஆரம்பித்து வைத்தது நான். அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பள்ளிக்கூடம் இருந்தால் என் கோபத்தை வகுப்பு முழுக்கப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். லீவில் மொத்தத்தையும் என் தம்பி ஒருவனே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. வாடகை சைக்கிளை யார் முதலில் ஓட்டுவது என்ற சண்டையில் அவன்மேல் செருப்பை எறிந்தேன். அவன் குனிந்துவிட்டான். செருப்பு நேராகப் பூத்துக்குள் போய் ஹலோ மாமாவின் டீயைச் சாய்த்தது.

"எவடி அவ?" என்று வந்தவர், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார். அங்கே நல்ல போனுக்குப் பக்கத்தில், ஒயர் அறுந்த பழைய சிவப்பு போன் ஒன்று சும்மா கிடந்தது.

"எடு அத. அவன என்னா திட்டணுமோ அதுல திட்டு. முடிச்சுட்டு வெளிய வா."

கதவைச் சாத்திவிட்டார்.

மே மாதம். கூண்டுக்குள் ஃபேன் கிடையாது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் அதற்குள் யாராலும் கோபமாக இருக்க முடியாது. தண்ணீர்த் தாகம் முந்திக்கொள்ளும். நான் தொப்பலாக நனைந்து வெளியே வந்தபோது தம்பி சைக்கிளில் ஒரு சுற்று முடித்திருந்தான். "சரி, அடுத்தது நான்" என்றேன். அதைக் கேட்ட என் அம்மா, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து தெருவே பிள்ளைகளை அங்கே அனுப்பியது. "போயி ஹலோ மாமா போன்ல கத்திட்டு வா, போ." கெட்ட வார்த்தைக்கு மட்டும் தடை. அதனால் நாங்களே 'வேகாத வெங்காயம்', 'பொரிச்ச பல்லி' என்று புதிதாகத் தயாரித்தோம். நன்றாக இருந்தால் மாமா வெளியிலிருந்தே தலையாட்டுவார். மண்டிக்குப் போன் பண்ண வந்த வெங்காய வியாபாரியை ஸ்டூலில் உட்காரவைத்து, "செத்த இருங்க, உள்ள ஒரு கோவம் போயிட்டிருக்கு" என்பார். வரிசையில் முண்டினால் எங்களுக்கும் விழும்: "பொறுமையா இருங்க, பொறுமையா இருங்கன்னு எத்தன தடவ கத்துறது!"

என் சிநேகிதி ரஹீமா மட்டும் அந்தக் கூண்டுக்குள் கத்தப் போனதே இல்லை. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த குடும்பம். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா சவூதியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பூத்துக்குத்தான் பேசுவார். அந்த லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், பாதி லீவில், வர முடியவில்லை, அடுத்த வருஷம் இன்ஷா அல்லாஹ் என்றார். "சரிங்கத்தா" என்று போனை வைத்துவிட்டாள். அழவில்லை. அதன் பிறகு விளையாடவும் வரவில்லை. சோற்றை அளைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார். அடுத்த இரண்டு வெள்ளியும் போனுக்கு வர மறுத்தாள்.

"எவ்ளோ பொறுமையான புள்ள!" என்று தெரு மெச்சியது. ஹலோ மாமா ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "பொறுமையாவது ஒண்ணாவது. விசில் அடிக்காத குக்கரு அது."

மூன்றாம் வெள்ளி அவளை அழைத்துவரும்படி என்னை அனுப்பினார். வந்ததும், "அத்தாகிட்ட பேச வேணாம்மா, அவரு வெச்சுட்டாரு. சும்மா செவப்பு போன்ல ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போ" என்றார்.

உள்ளே போய்ச் சிவப்பு போனை எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு கண்ணாடி அதிர்ந்தது.

"பொய்யி சொல்றீங்கத்தா! எப்பப் பாத்தாலும் அடுத்த வருஷம்! எனக்கு சென்ட்டு வேணாம், சாக்லேட்டு வேணாம். உங்க மூஞ்சியே எனக்கு மறந்துபோச்சு!"

அதற்கு மேல் அழுகை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது. "ரஹீமா... அத்தா கேட்டுட்டுத்தாம்மா இருக்கேன்." நல்ல போனின் ரிசீவர் வைக்கப்படாமல் கீழே கிடந்தது. அந்தப் பக்கமும் அழுகை.

அவள் அதை எடுத்து நெடுநேரம் பேசினாள். வெளியே வந்தவள் நேராக ஹலோ மாமாவிடம் போனாள்.

"ஏமாத்திட்டீங்க! அது எனக்குள்ள இருந்த பேச்சு. அவங்கள ஏன் கேக்க வெச்சீங்க? நீங்க யாரு?"

இன்னும் என்னென்னவோ. நாங்கள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டோம். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. கடைசியில், நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஆமாம்மா. தப்புதான். உன்னயக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்று அவளும் அழுத்திச் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். அவர் அடக்கி வைத்ததெல்லாம், அந்த நேரம் பார்த்து "என்னங்க, லைன் இன்னுமா கெடைக்கல?" என்று கேட்ட ஓர் அப்பாவியின் தலையில் கொட்டியது.

அத்தா அந்த லீவுக்கு வரவில்லைதான். ஆனால் அதன் பிறகு வெள்ளிக்கிழமை போனில் முதல் பேச்சு ரஹீமாவோடுதான். நிச்சயமில்லாமல் வருகிறேன் என்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். அவள் பழையபடி விளையாட வந்து, பழையபடி அழுகுணி ஆட்டம் ஆடினாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் ஹலோ மாமா அறிவித்தார். "நாளைலேருந்து எவளாச்சும் இந்தப் பக்கம் வந்தா கால ஒடிச்சுடுவேன். நிம்மதியா தொழில் பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் தெருமுனை திரும்பினோம். பூத்தைத் திறந்தபடி போட்டுவிட்டு, நடு ரோட்டில் நின்று பள்ளிக்கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி இவ்ளோ நேரம்?" என்று ஓர் அதட்டல்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை இனிக்க இனிக்க வரவேற்றிருக்கிறார்கள். அந்த அதட்டலுக்கு ஈடாக எனக்கு இன்னும் ஒன்று கிடைக்கவில்லை.