டேம்பர் அக்காவும் சிவப்புப் பக்கமும்

விருத்தாசலத்துப் பீங்கான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சூளையில் வெடிக்காத பொம்மைகள் நிறைய உண்டு. டேம்பர் அக்காவிடம் அடி வாங்காத கை ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய பழைய காரில் ஏறி ஏ.சி. குமிழைத் தொட்டால் போதும், மணிக்கட்டில் பட்டென்று விழும்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பொம்மைச் சூளை. பக்கத்து யூனிட்டில் எனக்குக் கணக்கு வேலை. புகைபோக்கியின் வழியைத் திறக்கவும் அடைக்கவும் இருக்கும் தகட்டுக்கு டேம்பர் என்று பெயர். சூளை எரியும்போது அக்காவைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அந்தச் சட்டத்தையே காருக்கும் கொண்டுவந்துவிட்டார்.

சித்திரை வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் நான் ஒருமுறை ஃபேனை முழுசாகத் திருகி, உள்காற்றே சுற்றும்படி நெம்புகோலைத் தள்ளிவிட்டேன். பட்!

"உள்ள இருக்கற சூட்ட வெளிய வுடாம மூடுவியா? கண்ணாடிய எறக்கு. வெளிக்காத்து வரட்டும். சூடெல்லாம் போனப்புறம் மூடிக்கிட்டு உள்காத்த சுத்த வுடு. அப்பத்தான் சில்லுனு இருக்கும்."

அதன் பிறகு அந்தக் காரில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகும் குமிழில் அந்தச் சிவப்புப் பக்கம் எதற்கு என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் ஒரு கேடா?

விடை ஐப்பசி மழையில் கிடைத்தது. என் தங்கை செல்விக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு, கடலூரில், காலை பத்து மணிக்கு. தவறினால் அவள் படித்ததெல்லாம் வீண். கொட்டுகிற மழையில் பஸ்ஸைக் காணோம். விஷயம் தெரிந்ததும் அக்கா காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா, செல்வி, நான் மூவரும் ஏறினோம்.

நெய்வேலி தாண்டுவதற்குள் முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்து, சாலையே தெரியவில்லை. அக்கா ஓரங்கட்டினார். நான் துண்டால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. செல்வி அழ ஆரம்பித்தாள்.

அக்காவின் கை சூளைக்கு முன்னால் இயங்குவதுபோல இயங்கியது. ஒரு குமிழால் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். ஃபேன் முழு வேகம். ஏ.சி. பொத்தான். கடைசியில், அந்தச் சிவப்புப் பக்கம்!

அம்மா பதறினாள். "என்னாங்க இது, ஏ.சி.யும் போட்டு சூடும் வெக்கறீங்க? வண்டி வெடிச்சிடப் போவுது!"

"ஈரத்தோட சூளையில வெச்சாத்தாங்க பொம்ம வெடிக்கும். காத்துல இருக்கற ஈரத்த ஏ.சி. புடிச்சிக்கும். காஞ்ச காத்து சூடா போயி கண்ணாடியில பட்டா பளிச்சுனு ஆயிடும். நாலு பேரு மூச்சும் உள்ளயே சுத்துனா ஈரம் எங்க போவும்? தம்பி, டேம்பரத் தொற!"

நெம்புகோலை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளினேன். அந்தக் காரில் நான் தொட்டு அடி விழாதது அதுதான் முதல் தடவை. கண்ணாடி அடியிலிருந்து மேலே மெல்லத் தெளிந்தது. சாலை தெரிந்ததுதான் தாமதம், அக்கா விட்டார் பாருங்கள் ஒரு விரட்டு! கடலூரில் செல்வியின் பெயரைக் கூப்பிடும்போது அவள் வாசலில் நின்றாள். வெளியே நாங்கள் மூவரும் வியர்வையும் மழையுமாக நின்று, தேர் நிலைக்கு வந்ததுபோலக் கத்தினோம்.

வேலை கிடைத்தது. போன மாதம் செல்வி சொந்தமாகக் கார் வாங்கினாள். முதல் சவாரிக்கு முன்சீட்டில் டேம்பர் அக்காவைத்தான் உட்கார வைத்தாள். பழக்கதோஷத்தில் அக்காவின் கை குமிழுக்குப் போனது. பட்!

"மொதல்ல கண்ணாடிய எறக்குங்கக்கா."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கையை இழுத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். அன்று சாயங்காலம் எஸ்டேட்டில் யூனிட் யூனிட்டாகப் போய், அடி வாங்கிய கையை எல்லாரிடமும் நீட்டி நீட்டிக் காட்டினார்.

"எம் பொண்ணு அடிச்சது," என்றார்.