எதுவுமே இல்லாத ஓவியம்

சகலையைப் பார்த்துப் பொறாமைப்படாத மனிதன் ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் மனைவிக்குத் தங்கை இல்லை என்று அர்த்தம். என் மனைவி கோமதிக்குத் தங்கை உண்டு. ஆகவே எனக்கு முரளி உண்டு.

லோத்குண்டாவில் புது ஃபிளாட் வாங்கியவன், ஹாலில் பெரிய அரூப ஓவியம் ஒன்றை மாட்டியிருந்தான். (மாடர்ன் ஆர்ட்டில் உருவமே இல்லாத வகை.) நீலத்தில் இரண்டு தீற்றல், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள்.

"இது என்ன படம் மாப்பிள்ளை?" என்றாள் கோமதி.

"என்னன்னு தேடக் கூடாது அண்ணி. வெறும் நாதஸ்வரம் கேக்கறோம். அதுல மரம் எங்கே, மாடு எங்கேன்னா கேக்கறோம்? அதே மாதிரி இதுல நிறமும் கோடும்தான் விஷயம். பாக்கறப்போ மனசுக்குள்ள என்ன ஆகுதோ, அவ்வளவுதான்."

கோமதி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். (நான் பேசும்போது பருப்பில் கல் பொறுக்குவாள்.) அவன் சொன்னது எனக்கே புரிந்துவிட்டதுதான் பெரிய வயிற்றெரிச்சல்.

"இதென்ன பிரமாதம்! அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க, நான் வரைஞ்சு காட்டறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

காஞ்சன்பாக் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பாகங்களை அளவு பிசகாமல் வரைவது என் வேலை. பொருளே இல்லாமல் வரைவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வாரம்தான் தெரிந்தது. வட்டம் போட்டால் பேரிங் ஆனது. கோடு போட்டால் கை தானாக அம்புக்குறி வைத்து மில்லிமீட்டர் எழுதியது. மூன்று அட்டைகள் பாழ். சனிக்கிழமை ஸ்கேலைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். கறுப்பு, சிவப்பு, மறுபடி கறுப்பு. திறந்து பார்த்தேன். எதுவுமே இல்லை. அப்பாடா, கலை!

ஞாயிறன்று எல்லோரும் கூடினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல என்ன இருக்குன்னு தேடக் கூடாது" என்று தொடங்கினேன்.

தமிழைக் காதில் வாங்கி இந்தியில் பதில் சொல்லும் என் மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அரே அப்பா, யே தோ சித்தப்பா ஹை!"

நானும் பார்த்தேன். முரளியேதான். அதே தடித்த மீசை. அதே சரிந்த மூக்குக்கண்ணாடி. முன்வழுக்கைகூட. (வழுக்கை மட்டும் கொஞ்சம் தாராளமாக விழுந்திருந்தது.)

"ஒரு வாரமா மாப்பிள்ளையையேதான் நெனச்சிட்டிருந்தீங்களா?" என்றாள் கோமதி.

"கண்ணை மூடிட்டுத்தான் வரைஞ்சேன்!" என்று கத்தினேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

முரளிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை யாரும் வரைஞ்சதே இல்லண்ணா" என்று அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இப்போது அவன் ஹாலில் நீல ஓவியம் இல்லை. நான் வரைந்த அவன்தான் இருக்கிறான். யார் வந்தாலும், "எங்கண்ணனுக்கு எம்மேல அவ்வளவு பாசம். கண்ணை மூடினாலும் நான்தான் தெரியறேன்" என்று விளக்குகிறான். கோமதி ஒவ்வொரு முறையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள்.