பின் சீட்டுத் தீர்மானம்

தெருச் சங்கத்தின் செயலாளருக்கு மைக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. வாய் அதைவிடச் சும்மா இருக்காது. பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து வாரம் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சலவைக்கடை மாடியில் சங்கம் கூடினால், வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் தீர்மானமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாய்கள் எத்தனை மணிக்கு மேல் குரைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார். மழை எந்த நேரத்தில் பெய்யலாம் என்றும் போட்டிருக்கிறார். நாயும் மழையும் சங்கத்துக்குச் சந்தா கட்டாததால் கட்டுப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தக்கா எழுந்து நின்றாள். செயலாளரின் பக்கத்து வீட்டுக்காரி. ஊர்க்கோடியில் இருக்கிற சைக்கிள் கம்பெனியில் சக்கரம் கோர்க்கிற வேலை. அந்தப் பெயர் அதனால் வந்ததுதான். எல்லாரும் வெளிநாட்டு சைக்கிளாகப் பார்த்து வாங்குகிறார்களாம். ஆர்டர் குறைந்துகொண்டே போகிறதாம். இப்படியே போனால் அவள் வேலை செய்கிற பிரிவையே மூடிவிடப் போகிறார்களாம்.

முன்வரிசையில் கியர்காரர் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு சைக்கிள் வைத்திருப்பவர். அதில் எத்தனை கியர் இருக்கிறது என்று கேட்காதவரிடமும் சொல்பவர். கூட்டத்தில்கூடத் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார். அடுத்த தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கப்போகிறவரும் அவர்தான். அவர் தொண்டையைக் கனைத்து, "நம்ம ஊர் வண்டியில மிதிக்கிறது நாம, நகர்றது பூமி. வண்டி அங்கேயேதான் நிக்கும்," என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

செயலாளருக்குச் சுருக்கென்றது. மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு சைக்கிள். உள்நாட்டுல செஞ்ச சைக்கிள். நம்ம அக்கா கையால கோர்த்த சக்கரம். முதல் வண்டி என் வீட்டுக்கு வரும். அதுல நானே ஏறி இந்தத் தெருவைச் சுத்தி வருவேன்."

கைதட்டல் மாடிக் கூரையை ஆட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டல் ஓய்ந்து, மைக் கைமாறி, நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் செயலாளருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயதில் கற்றுக்கொள்ளப் போய்க் குப்பைத்தொட்டிக்குள் தலைகீழாக விழுந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் வெளியே சொல்வது என்ன? "அந்தக் காலத்துல நான் சைக்கிள்ல போகாத ஊரே கிடையாது." ஓட்டத் தெரியாது என்கிற உண்மை மட்டும் கியர்காரர் காதில் விழுந்தால் போதும். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். மைக் போய்விடும். மைக் போனால் அவருக்குப் புகார்ப் பிரிவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மிதி மெஷின். தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணிதான். மேலே கை துணியை நகர்த்திக்கொண்டிருக்க, கீழே இரண்டு பாதமும் தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தன. செயலாளர் அந்தப் பாதங்களையே பார்த்தார். இருபது வருஷமாக இப்படி மிதிக்கிற கால். சலிக்காத கால். போதாக்குறைக்கு, கல்யாணத்துக்கு முன்னால் தையல் வகுப்புக்கு சைக்கிளில் போய் வந்தவள். இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோன்றியது. கம்பெனி வாசலில் ஒரு படம் ஒட்டியிருந்ததும் கூடவே ஞாபகம் வந்தது. இரட்டை சைக்கிள். ஒரே வண்டி, முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். யாருமே வாங்காமல் படம் வெளுத்துப்போயிருந்தது.

முன்னால் அவள். ஹேண்டில் அவள் கையில், மிதிப்பது அவள் காலில். பின்னால் இவர். காலைச் சும்மா பெடல்மேல் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இப்படிப்பட்ட மூளை குடிநீர் வாரியத்தில் வீணாகிறதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

"இந்தாம்மா, இரட்டை சைக்கிள் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீ முன்னால உட்காரு. பெண்களுக்கு எப்பவும் முன்னிடம் தரணும்னு எனக்கு ஒரு கொள்கை."

மெஷின் நின்றது. மனைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அப்புறம் அவர் வயிற்றைப் பார்த்தாள். அந்த வயிற்றைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னதும், இவர் டாக்டரையே மாற்றியதும் வேறு கதை.

"சரிங்க," என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. விவரமான ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பார். நம்மவர் பூரித்துப்போனார்.

"அக்காகிட்ட நானே சொல்லி ஆர்டர் கொடுத்துடறேன். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்," என்றாள் அந்த மகராசி. அதற்கும் தலையாட்டினார்.

வண்டி வந்தது. என்ன நீளம் என்கிறீர்கள். சந்தில் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் விட்டால், முன்சக்கரம் கூடத்தில் நின்றது, பின்சக்கரம் சமையலறையில் நின்றது. செயலாளர் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் வண்டியில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினார். ஓட்டத் தெரியாவிட்டாலும் ஏறி இறங்க அப்படித்தான் பழகினார். மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். சங்கிலி தெரியாமல் முழுக்கத் தகர மூடி போட்டிருந்தது. புடவை மாட்டாமல் இருக்க அக்கா பிரத்தியேகமாகப் போட்டுக் கொடுத்தாளாம்.

முதல் சவாரிக்குத் தெருவே வாசலில் நின்றது. கியர்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி ஹேண்டிலைப் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். செயலாளர் பின்னால் ஏறி, காலைப் பெடல்மேல் பூப்போல வைத்து, கையை உயர்த்தினார். வண்டி நகரவில்லை. ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தது.

"என்னங்க, நான் ஒருத்தி மிதிச்சா உங்களையும் சேர்த்து நகருமா? கொஞ்சம் கால் கொடுங்க," என்று முன்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

வேறு வழி? ஒரு மிதி மிதித்தார். வண்டி கிளம்பியது. நிறுத்தினார். வண்டியும் நிற்கப் பார்த்தது. எட்டிப் பார்த்தால் அவள் கால் இரண்டும் தையல் மெஷினில் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூச்சு வேறு புஸ் புஸ்ஸென்று வாங்கினாள். அடடா, ஒரு பொம்பளை இந்தப் பாடு படுகிறாளே என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. மிதித்தார். தெரு முழுக்கக் கைதட்டியது. ஆனால் "பாவம், அந்தம்மா இவரையும் இழுத்துக்கிட்டுப் போகுது பாரு," என்று ஒரு குரல் காதில் விழுந்ததும், ரோஷம் வந்து இன்னும் பலமாக மிதித்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. குடிநீர் வாரியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஊரிலேயே உயரமான மேட்டில் இருக்கிறது. காலையில் இரண்டு பேரும் கிளம்புவார்கள். வழியில் வீடு வீடாக நிறுத்தி அவள் தைத்த துணியைக் கொடுப்பாள். கடைசியில் மேடு. அந்த மேட்டில் செயலாளருக்கு நாக்குத் தள்ளும். கொஞ்சம் காலைத் தளர்த்தினால் வண்டி பின்னால் உருளும். "நான் தனியா எவ்வளவுதாங்க மிதிக்கிறது," என்று முன்னாலிருந்து அழாத குறையாகக் குரல் வரும். மேலே போய்ச் சேரும்போது அவர் சட்டையைப் பிழியலாம். அவள் புடவைத் தலைப்பால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, "இறக்கம்தானே, நான் பாட்டுக்குப் போயிடுவேன்," என்று காற்றாக இறங்கிப் போய்விடுவாள். சாயங்காலம் அவர் நடந்து வருவார்.

பதினைந்து நாள் போனது. எதிர்வீட்டுக்காரி இரட்டை சைக்கிள் வாங்கினாள். அடுத்து சலவைக்கடைக்காரர் மனைவி வாங்கினாள். ஒரு நாள் காலையில் பார்த்தால் கியர்காரரே பின்சீட்டில் உட்கார்ந்து, தலைக்கவசம் வழியாக வியர்வை வழிய, மனைவி ஓட்டப் போய்க்கொண்டிருந்தார். கியர் சைக்கிளை மொட்டைமாடியில் துணி காயப்போட வைத்திருந்தார்கள். ஆர்டர் குவிந்தது. அக்காவின் பிரிவை மூடுவதாக இருந்தவர்கள் அங்கே இரண்டாவது ஷிப்டு போட்டார்கள்.

எல்லாம் தன் பேச்சால் வந்ததென்று செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போட்டார். கணவன்மார்களின் பாரத்தையும் சேர்த்து மிதிக்கும் தெருப் பெண்களுக்குச் சங்கம் தலைவணங்குகிறது. பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். சக்கரத்தக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று நம்மவர் நினைத்தார்.

ஒரு காலை வேளை. கிளம்புகிற நேரத்தில் அவர் கால்சட்டைப் பித்தான் அறுந்து கீழே உருண்டு வண்டிக்கடியில் போனது. மனைவி ஏற்கெனவே இரண்டு முறை பிடித்துத் தைத்த கால்சட்டை. அது மறுபடியும் தொளதொளவென்றுதான் நின்றது. செயலாளர் குனிந்தார். குனிய முடிந்தது. எத்தனை வருஷமாயிற்று அவர் தரையைக் கிட்டத்தில் பார்த்து.

பித்தானுக்குப் பக்கத்தில் ஒரு திருகாணி கிடந்தது. தகர மூடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தார். பின்பெடலிலிருந்து சக்கரத்துக்குச் சங்கிலி ஓடியது. முன்பெடலிலிருந்து எங்கேயும் எதுவும் ஓடவில்லை. விரலால் தள்ளினார். முன்பெடல் காற்றாடியாகச் சுற்றியது.

தரையில் உட்கார்ந்து இன்னொரு தரம் சுற்றிவிட்டார்.

"இதுல சங்கிலியே இல்லையேம்மா."

"இல்லைதான்," என்றாள் மனைவி, துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே. "ஆர்டர் கொடுக்கும்போதே அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அப்ப அந்த மேட்டுல இத்தனை நாளா..."

"நீங்கதான். சட்டையைப் பார்த்தா தெரியலையா?"

அவருக்கு வேறொன்று உறைத்தது. "கியர்காரர் வண்டியிலயுமா?"

"தெருவுல எந்த வண்டியிலயும் முன்னால சங்கிலி கிடையாதுங்க. எல்லாரும் என் வண்டி மாதிரியே வேணும்னு கேட்டு வாங்கினாங்க."

செயலாளர் துள்ளி எழுந்தார். இது மோசடி என்றார். கணவர் குலத்துக்கே இழைத்த துரோகம் என்றார். ஞாயிற்றுக்கிழமையே மைக்கைப் பிடித்து எல்லாரிடமும் உடைத்துவிடப் போவதாகச் சத்தம் போட்டார். அவள் குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்குவதற்கு அவர் நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"தாராளமா சொல்லுங்க. அப்படியே நீங்க ஏன் பின்னால உட்கார்ந்தீங்கன்னும் சொல்லிடுங்க."

"அது... கொள்கை."

"கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்கு சைக்கிளை உருட்டிக்கிட்டே வந்தீங்களே, வழியில பஞ்சர்னு? நீங்க உள்ள போனதும் எங்கப்பா அமுக்கிப் பார்த்தாருங்க. ரெண்டு டயர்லயும் காத்து கல்லு மாதிரி இருந்துச்சு."

செயலாளர் அசடு வழிந்தபடி திருகாணியை எடுத்து, தகர மூடியை அவரே பொருத்தி முடுக்கினார். கால்சட்டையை ஊக்கால் பிடித்துக்கொண்டார். வண்டியைச் சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பின்சீட்டிலிருந்து கை ஆட்டினார். இவரும் ஆட்டினார். என்ன செய்வது, சிரிக்கவும் செய்தார்.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் முன்னால் அவள் கால் வழக்கம்போல வேகமாகச் சுற்றியது. திரும்பியதும் நின்றது. இரண்டு காலையும் தூக்கி முன்கம்பியில் வசதியாக வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நல்லவேளை, உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. இத்தனை நாளா சும்மா சுத்திச் சுத்தி எனக்கு முழங்கால் விட்டுப்போச்சுங்க."