காற்றுச் சிக்கனக் குழு

"புஸ்ஸ்ஸ்!"

துறைமுக அலுவலகத்தின் கூட்ட அறையில் அந்தச் சத்தம் எழுந்ததும் மேசைமீது இருந்த காகிதங்கள் பறந்தன. கணக்கு அதிகாரி மேசைக்கு அடியில் பறந்தார். நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இப்படித்தான் தொடங்கியது. துறைமுகத்தின் ஒரே முக்குளிப்பவருக்கு, சிலிண்டரில் உள்ள காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அது.

"பயப்படாதீங்க சார். நடுவுல இருக்கிற பொத்தானை அமுக்கிட்டீங்க. அதான் காத்து தானா வருது," என்றார் கதவோரம் நின்ற முக்குளிப்பவர்.

உறுப்பினர் அல்லாதவர் பேசியதைக் குழு பெருந்தன்மையோடு மன்னித்தது. அவர் வெறும் 'பயனாளி'. பயனாளியைக் குழுவில் சேர்த்தால் தனக்குச் சாதகமாக முடிவெடுப்பார் என்று விதி அவரை வெளியே நிறுத்தியிருந்தது. அவருக்கு என்ன சாதகம்? மறுநாள் காலை கலங்கிய நீரில் இறங்கி, கப்பலின் அடிவிசிறியில் சிக்கிய கயிற்றை அறுத்துவிட்டு, உயிரோடு மேலே வர வேண்டுமாம். அப்பட்டமான சுயநலம்!

குழுவின் தலைவர் மின்பிரிவுப் பொறியாளர். அலுவலகத்து மின்விசிறி ரெகுலேட்டர்கள் அத்தனையும் அவர் கைபட்டே பழுதானவை. அவரைவிடத் தகுதியானவர் யார்?

அவர் முதல் கருவியை வாயில் கவ்வி மெல்ல இழுத்தார்.

"அடேயப்பா! லேசா இழுத்தாலே காத்து கொட்டுதே!"

கணக்கு அதிகாரி மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "என்னது, கேட்ட உடனே கிடைக்குதா? நம்ம ஆபீஸ்ல அப்படி ஒரு பழக்கமே கிடையாதே சார்! நாளைக்கு எல்லாரும் அப்படியே எதிர்பார்ப்பாங்க."

முதல் கருவி 'ஒழுக்கக்கேட்டை ஊக்குவிப்பது' என்று தள்ளுபடி ஆயிற்று.

இரண்டாவதைப் பொறியாளர் இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். கன்னம் ஒட்டியது, விழி பிதுங்கியது. பிறகுதான் காற்று, மனுக் கொடுத்தவனுக்குப் பதில் வருவதுபோல, வந்து சேர்ந்தது.

"பிரமாதம்! கஷ்டப்பட்டாத்தான் குடுக்குது. சிக்கனம்னா இதுல்ல சிக்கனம்!"

முக்குளிப்பவர் ஓரடி முன்னால் வந்தார். "சார், இங்கேயே இப்படின்னா ஆழத்துல இன்னும் மோசமா இருக்கும்."

"அப்ப ஆழமா போகாதே," என்றார் பொறியாளர்.

"ஆழமா போகாம எப்படி சார் முக்குளிக்கிறது?"

"அது செயல்முறை. இந்தக் கூட்டத்தோட பொருள் கருவி மட்டும்தான்."

"வீட்ல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க சார்."

"அதுக்கு நலப்பிரிவு. மாடியில கேளு."

அழாத குறையாக அவர் ஒரு தடவை இழுத்துப் பார்க்க அனுமதி கேட்டார். குழு கூடிப் பேசி, 'விதிவிலக்காக' அனுமதித்தது. நனைந்த துணியைக் கவ்விக்கொண்டு மூச்சுவிடுவதுபோல் இருந்தது அவருக்கு. முகம் சிவந்து, பிறகு நீலமாகிக்கொண்டு வந்தது. பயனாளியின் முகத்தில் புதுக் களை தெரிவதாகக் குழு மகிழ்ச்சி தெரிவித்தது. இரண்டாவது கருவி ஏகமனதாகத் தேர்வாயிற்று. கைதட்டலில் அவருடைய இருமல் யாருக்கும் கேட்கவில்லை.

"இதைக் கட்டிக்கிட்டு நான் எப்படி சார் இறங்குவேன்?" என்றார் அவர், மூச்சு திரும்பியதும்.

அதுவரை வாயே திறக்காத கிடங்கு அதிகாரி எழுந்து வந்து, கருவியை அவர் கையில் திணித்து, தோளில் பாசத்தோடு தட்டினார்.

"சும்மா பயப்படாதேப்பா! உனக்கு முன்னால இருந்தவருக்கும் இதே ரகம்தான் குடுத்தோம். மேல நிக்கிற வரைக்கும் அவரும் உன்னை மாதிரிதான் புலம்பினாரு. தண்ணிக்குள்ள இறங்கினப்புறம் அவர்கிட்ட இருந்து ஒரு புகார்கூட வரலையே!"