மீன்கள் இருந்த விரதம்

நீடாமங்கலம் பக்கம் ஒரு மாதமாக நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரே மீனானந்த சுவாமிகள் பின்னால் அலைந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மனிதர்களையெல்லாம் கரையேற்றி முடித்துவிட்டுச் சுவாமிகள் இப்போது மீன் குளத்துக்கு வந்திருந்தார்.

அவர் விற்றது புரோபயாடிக் பிரசாதம். மீன் தீவனத்தில் கலக்கும் பொடி.

"பொட்டலத்துக்குக் கோடி நல்ல கிருமி. அத்தனைக்கும் காதுல மந்திரம் ஓதியிருக்கேன்!"

கிருமிக்குக் காது எங்கே என்று கேட்காமல் ஆளுக்கு நாலு பொட்டலம் வாங்கினார்கள்.

இராஜாங்கத்துக்குப் புல்லரித்தது. நெல் வயலை வெட்டிக் குளமாக்கிக் கெண்டை விட்டவன் அவன். மீன் வளரவே இல்லை. "இந்தத் தடவையும் தேறலைன்னா குளத்தத் தூத்துட்டு நாத்து நடுவோம்" என்று மனைவி செவ்வந்தி சொல்லிவிட்டாள். சுவாமிகள் சொன்னபடி மீன்களுக்கு ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை என்று ஒன்று விடாமல் விரதம் வைத்தான். சுவாமிகள் குளக்கரையில் செய்யவிருந்த பூஜை நெருங்கியதும் முழுப் பட்டினி.

பூஜையன்று கரை கொள்ளாத கூட்டம். சுவாமிகள் மணியடித்துப் பொடியைத் தூவினார். போன ஊரிலெல்லாம் இந்த நேரத்தில் மீன் துள்ளி விழுந்ததாம். இங்கே ஒரு குமிழிகூட வரவில்லை.

"தீட்டுப் பட்டிருக்கு!" என்றார் சுவாமிகள்.

"தீட்டு இல்லீங்க, தவிடு" என்றாள் செவ்வந்தி. "பாவமேன்னு விடிகாலையில தவிடும் புண்ணாக்கும் வயிறு முட்டப் போட்டேன்."

இராஜாங்கம் தலையில் கைவைத்தான். "விரதத்தக் கெடுத்துட்டியேடி!"

"இங்க வந்து பாருங்க."

அடுத்த குளம் சாரங்கபாணியுடையது. மறுநாள் பூஜைக்காக அங்கேயும் பட்டினி. மணி இல்லை, மந்திரம் இல்லை. ஒரு கைப்பிடி தவிட்டை வீசினாள். கெண்டைகள் பாய்ந்து புரண்டன.

"பசிச்ச மீன் தாவுது. இதுல அருள் எங்கேருந்து வந்துச்சு? மாசத்துல பாதி நாள் பட்டினி போட்டா எப்படிங்க வளரும்?"

"என் கிருமிகளை நிந்திக்காதே!" என்று சுவாமிகள் சீறினார்.

செவ்வந்தி ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "உயிருள்ள பொடின்னா வெல்லத் தண்ணியில நுரைச்சு வரணும். முந்தாநாள் கரைச்சது, அப்படியே கெடக்கு."

சாரங்கபாணி வாளியின் அடியில் கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "அட, கோலமாவு!"

சுவாமிகள் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வரப்போடு ஓடினார். இராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டு தவிட்டு மூட்டையைத் தூக்கினான்.

"ஒழுங்கா தீனி போடுங்க. குளம் இருக்கட்டும்" என்றாள் செவ்வந்தி. பிறகு கூட்டத்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு இட்லி மாவும் நல்ல கிருமியாலதான் பொங்குது. எந்தச் சாமியும் வந்து அதுக்கு மந்திரம் ஓதினதில்ல. போயி மாவுப் பானையத் தொறந்து பாருங்க. அப்படியே மூளையையும் கொஞ்சம் தொறந்து வைங்க."