ஐனார் சொன்ன கரடிகள்

"கேப்டன், என் சூப் என்னை விட்டுட்டுப் போகுது," என்றார் வெண்டல்.

உண்மைதான். கிண்ணம் மேஜையின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு நிதானமாகச் சறுக்கி, அவர் மனைவியின் மடியில் போய் இறங்கியது. ஃபாராகட் குடாவில் கடல் வற்றிப்போய், படகு சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. தண்ணீர் திரும்ப ஏறும்வரை பயணிகள் ஆறு பேரும் சுவரில் சாய்ந்தபடியேதான் சாப்பிட்டாக வேண்டும்.

"தண்ணி வத்தினா படகு தரை தட்டறது அலாஸ்காவில சகஜம்," என்றான் ஹால்வர், ஏதோ கட்டணத்தில் சேர்த்தி என்பது போல.

"கரடி?"

"அதுவும் சகஜம். வரும்."

"வந்தா அதுக்கு சூப் இல்லைன்னு சொல்லிடுங்க. பானை கவுந்துடுச்சு!" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் ரக்னா. அவன் மனைவி, சமையல்காரி, படகின் ஒரே பணியாளும் அவள்தான்.

வாழ்நாளெல்லாம் அந்தக் கடலில் மீன் பிடித்தவனுக்கு ஃபாராகட் சேறு தெரியாதா? தெரியும். தெரிந்தும் வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவன் அண்ணன் ஐனார்.

அன்று காலையில் ரேடியோ கரகரத்திருந்தது. "ஹால்வர், கேக்குதாடா? போர்ட்டேஜ் குடாவில கரடி நிறைய நிக்குது. உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வா."

மூன்று வருடத்தில் அண்ணன் அவனிடம் பேசிய முதல் பேச்சு. அந்தக் குரலுக்காக அவன் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தான் என்பது ரக்னாவுக்கு மட்டுமே தெரியும். தினமும் காலையில் எல்லாப் படகுகளும் பேசுகிற அந்த அலைவரிசையைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கேட்டால் வானிலை அறிக்கைக்காக என்பான்.

சண்டை இந்தப் படகினால்தான். அப்பாவின் மீன்பிடிப் படகைக் கழுவி, மீன் கொட்டுகிற அறையில் கட்டில் போட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டி, ஹால்வர் அதைக் கரடி காட்டும் சுற்றுலாப் படகாக்கினான். "அப்பா படகுக்குப் பாவாடை கட்டிட்டியேடா!" என்றான் ஐனார். ஹால்வர் பதிலுக்குச் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. ஒரே துறைமுகத்தில் படகைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"அண்ணன் கூப்பிடறார். ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் ரக்னா.

"ரேடியோவில சொல்றானே. அப்பவே தெரிய வேண்டாமா பொய்யின்னு?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கரையில் மீன்காரன் எவனும் ரேடியோவில் உண்மை பேசியதாக வரலாறு இல்லை. வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுந்தால் "ஒண்ணுமே இல்லப்பா, வீட்டுக்குப் போறேன்" என்பான். வடக்கே இருந்தால் தெற்கே இருக்கிறேன் என்பான். கேட்கிறவனும் அதைத் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்வான். இந்தக் கலையில் ஐனார் மன்னன். ஒருமுறை ஒரே ஒரு பெருமூச்சை விட்டு, பாதிப் படகுகளைத் தப்பான பக்கம் அனுப்பியவன்.

ஆகவே ஐனார் போர்ட்டேஜ் என்றதும் ஹால்வர் அதற்கு நேர் எதிர்க்கரையில் இருந்த ஃபாராகட்டுக்குச் சுக்கானைத் திருப்பினான். அவசரத்தில் கடல் வற்றும் நேரத்தை மறந்தான்.

மறுநாள் ரேடியோ மறுபடி கூப்பிட்டது. "ஹால்வர், பைபஸ் குடா. இங்கயும் கரடி இருக்கு. காப்பி குடிச்சிட்டே பாக்கலாம்."

"காப்பி குடிக்கலாம்னு சொல்றார்," என்றாள் ரக்னா.

"நக்கல் பண்றான்."

பைபஸுக்கு எதிர்ப்பக்கம் போனார்கள். மூடுபனி. நெடுநேரம் கழித்துப் பனி கொஞ்சம் விலகியபோது, "அதோ!" என்று வெண்டல் கிசுகிசுத்தார். கரையில் பழுப்பாக ஒன்று குந்தியிருந்தது. ஆறு பேரும் சத்தமில்லாமல் மண்டியிட்டுப் படம் எடுத்துத் தள்ளினார்கள். வெண்டலின் மனைவி மெல்ல அழக்கூடச் செய்தாள். அப்போது ஒரு கடற்பறவை வந்து கரடியின் தலையில் உட்கார்ந்தது. கரடி கண்டுகொள்ளவில்லை. பறவை எச்சமிட்டது. அதற்கும் கரடி கோபப்படவில்லை.

"கேப்டன்," என்றார் வெண்டல், "அது மரக்கட்டை."

"பழைய மரம். ரொம்ப அபூர்வம்," என்றான் ஹால்வர்.

அன்று சாயங்காலம் ஐனாரின் குரல் களைத்துப்போய் வந்தது. "ஹௌட்டன் குடா, ஹால்வர். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் இருக்காது."

"கரடிக்கு நேரமெல்லாம் உண்டா?" என்று வெண்டல் சந்தேகம் கேட்டார்.

"எங்க அண்ணன் கரடிக்கு உண்டு," என்றான் ஹால்வர் கடுப்பாக. காலையில் எழுந்து ஹௌட்டனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட்டான்.

பாதி வழியில் அவனுக்கு மூளை வேலை செய்தது. அது செய்யாமலே இருந்திருக்கலாம். "ரக்னா, நான் திருப்பிப் போடுவேன்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு நாளா நான் வராததைப் பார்த்திருப்பான். அதனால இன்னிக்கு வேணும்னே உண்மையைச் சொல்லியிருக்கான், நான் ஏமாறட்டும்னு!"

"அவர் உண்மையைச் சொன்னா நீங்க எப்படிங்க ஏமாறுவீங்க?"

"அதுதான் அவன் சூது."

படகைத் திருப்பினான். எதிர்க்காற்று. அலை அடித்த அடியில் ஆறு பயணிகளில் நான்கு பேர் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் குனிந்து நின்றார்கள். மற்ற இருவர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

ஹௌட்டன் குடாவுக்குள் நுழைந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. தண்ணீர் அசையவில்லை. கரையில் புல் இருந்தது, கல் இருந்தது. கரடி இல்லை, குருவிகூட இல்லை. ஒரு படகும் இல்லை.

"நீங்க நிஜமாவே அலாஸ்காக்காரர்தானா?" என்று கேட்டாள் வெண்டலின் மனைவி. பாவம், அவளுக்குப் பேசுகிற தெம்பு அப்போதுதான் வந்திருந்தது.

அந்த வருடத்தின் கடைசிப் பயணம் அது, அந்தப் பயணத்தின் கடைசிக் குடாவும் அதுதான். ஹால்வருக்கு ரத்தம் தலைக்கேறியது. மூன்று வருடமாக அண்ணனிடம் பேச எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தான். இரவில் சில சமயம் "காலு எப்படி இருக்கு ஐனார்?" என்று வாய்க்குள் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறான். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒலிவாங்கியை எடுத்து, எல்லாப் படகும் கேட்கக் கத்தினான்.

"ஐனார்! பொறந்ததுலேருந்து நீ ஒரு உண்மை பேசினதில்லடா! இனிமே என்கிட்ட வாயைத் திறக்காதே. எனக்கு அண்ணனே இல்லைன்னு நினைச்சுக்கிறேன்!"

"ஐயோ, என்னங்க இது!" என்று ரக்னா அவன் கையைப் பிடித்தாள்.

அவனுக்கு உடனே மனசு உறுத்தத் தொடங்கியது. ஊருக்குப் போனதும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு முடிவுக்கு வந்தான்.

மறுநாள் சொந்த ஊரான பீட்டர்ஸ்பர்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பயணிகள் கை கொடுக்காமலே இறங்கிப் போனார்கள். டீசல் போடுகிற துறையில் டாக்னி நின்றிருந்தாள். அவனோடு பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவள்.

"நேத்து ரேடியோவில நல்லாக் கச்சேரி பண்ணின," என்றாள் குழாயை நீட்டியபடி. "ஊரே கேட்டுச்சு."

"அவன் கேட்டானா?"

"கேட்காம? நேத்து சாயங்காலம் இங்கதான் வந்து படகைக் கட்டினான். படகை வாங்கினவங்க காத்துக்கிட்டு நின்னாங்க."

"வாங்கினவங்களா?"

"வித்துட்டான்டா. ரெண்டு முட்டியும் போச்சு, இனிமே எங்க கடலுக்குப் போறது? இன்னிக்குக் காலையில விமானம் ஏறிட்டான். அரிசோனா, மக வீட்டுக்கு. கண்ணுக்கு எட்டின தூரம் மண்ணுதானாம்."

ஹால்வரின் கையிலிருந்த குழாய் தானாகத் தாழ்ந்தது. "எப்ப திரும்பி வருவான்?"

"எதுக்கு வரணும்? இங்க அவனுக்கு யார் இருக்கா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றான் ஹால்வர். "மூணு தடவை கூப்பிட்டான். மூணு தடவையும் அந்தக் குடாவில கரடி, இந்தக் குடாவில கரடின்னுதானே சொன்னான்? ஹௌட்டன் வரைக்கும் போய்ப் பார்த்தேன் டாக்னி. ஒரு கரடியும் இல்ல!"

டாக்னி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கரடியைப் பத்தி அவனுக்கு என்னடா தெரியும்? உனக்காகத் தினமும் தான் நங்கூரம் போட்டுக் காத்திருந்த இடத்தைச் சொல்லியிருக்கான்."